மதராஸ் பெயர் தாங்கிய ஸ்பிட்ஃபயர்

தொடக்கத்தில் அது வெறும் பாலிஸ்டைரீன் குருணை. இருநூறு டிகிரிக்கு மேல் உருக்கி, எஃகு அச்சுக்குள் பலத்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் அச்சு திறக்கிறது. இறக்கை, உடல், சக்கரம், விமானியின் இருக்கை எல்லாம் ஒரே சட்டத்தில் கிளை கிளையாக ஒட்டிக்கொண்டு வந்து விழுகின்றன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1:72 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 மாதிரி போர்விமானம் பிறப்பது இப்படித்தான். என்னிடம் இருக்கும் பெட்டியின் ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சிட்டிருக்கிறது. நிறுவனம் இங்கிலாந்தைச் சேர்ந்தது, விமானமும் அவர்களுடையது, பிளாஸ்டிக்கை வார்த்தது நம் நாட்டில். 2010களில் வந்த ஏர்ஃபிக்ஸ் கிட்களில் பலவும் அப்படித்தான். இங்கே வார்த்த பொருள் லண்டன் கடைக்குப் போய், விடுமுறைக்கு வந்த அத்தை மகனின் சூட்கேஸில் ஏறிச் சென்னைக்குத் திரும்பியது.

1:72 என்ற அளவுக்குக் காரணம் எளிது. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். 1930களில் மரத்திலும் உலோகத்திலும் மாதிரி விமானம் விற்ற ஸ்கைபேர்ட்ஸ் இந்த அளவைப் பிடித்துக்கொண்டது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 11.23 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட நிஜ ஸ்பிட்ஃபயர் இந்த அளவில் பதினைந்தரை சென்டிமீட்டர்தான்.

ஏர்ஃபிக்ஸைத் தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ், ஆண்டு 1939. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், போருக்குப் பிறகு தலைவாரும் சீப்புகள். 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்மரக் கப்பலை இரண்டு ஷில்லிங்குக்கு வுல்வொர்த் கடைகளில் விற்றபோதுதான் இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது. ஸ்பிட்ஃபயரும் அதே 1950களில் வந்துவிட்டது. அந்த முதல் கிட்டின் வடிவத்தில் பிழைகள் மலிந்திருந்தன. ஆனாலும் பையன்கள் வாங்கித் தள்ளினார்கள். அதன்பின் எத்தனையோ முறை புது அச்சு வெட்டியிருக்கிறார்கள். நான் கட்டியது 2010வாக்கில் வந்த அச்சு.

கட்டுகிறவன் கைக்கு வந்தபின் முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து எளிதில் கழன்றுவர அவர்கள் தடவும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஒவ்வொரு பாகத்தையும் சட்டத்திலிருந்து நறுக்கி, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். காக்பிட்டை முதலில் முடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் உடலின் இரு பாதிகளையும் சேர்க்க முடியும். இதற்கான திரவம் உண்மையில் பசையே அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைப்பது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் இடுக்கில் ஒரு சொட்டு தொட்டால் தானாகவே இடுக்கு நெடுக ஓடும். விளிம்புகள் இளகி ஒன்றோடொன்று கலக்கும். லேசாக அழுத்தினால் கூழான பிளாஸ்டிக் இழையாகப் பிதுங்கி நிற்கும். மறுநாள் அதைச் சீவித் தேய்த்தால் இணைப்பு இருந்த தடமே தெரியாது. இறக்கை உடலோடு சேரும் மூலையில் மட்டும் டிங்கரிங் பட்டறை மாதிரி பட்டி பார்க்க வேண்டியிருந்தது.

காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிகுவிக் வகைப் பசை கூடவே கூடாது. அதன் ஆவி பட்ட இடம் வெள்ளையாகப் படர்ந்துவிடும். சாதாரண வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பெயின்ட்டில்தான் நம் ஊர்க்காரனுக்குச் சோதனை. ஸ்பிட்ஃபயரின் மேல்புறத்துக்கு மண்பழுப்பும் கரும்பச்சையும், அடிப்புறத்துக்கு ‘ஸ்கை’ என்ற வெளிறிய பச்சையும். ஏர்ஃபிக்ஸ் செய்முறைத் தாளில் இவை ஹம்ப்ரால் பெயின்ட் எண்கள் 29, 30, 90. எனாமல் டப்பா தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்தில் வராது. இங்கே கிடைக்கும் அக்ரிலிக்கைக் கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஏர்பிரஷ்ஷைத் தொடாமல் இருப்பது நல்லது. கம்ப்ரஸர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரம் துளியாகி இறக்கைமேல் தெறிக்கும். நிறத்தைக் கொஞ்சம் வெளிறவைத்து அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. கோடுகளிலும் அதே அடக்கம் வேண்டும். இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடு மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் என்றால், நிஜத்தில் அது 14 மில்லிமீட்டர் பிளவுக்குச் சமம். அதில் கறுப்பைத் தீட்டினால் விமானம் வாய்க்கால் வெட்டிய வயலாகிவிடும். மங்கிய பழுப்பு போதும்.

இனி, எந்த ஸ்பிட்ஃபயராக முடிப்பது? இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சிட்ட டிகால் தாள் (விமானத்தில் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும்) பெட்டியிலேயே இருந்தது, அழகான தாள். ஆனால் எனக்கு வேண்டியது பிரிட்டிஷ் விமானப்படையின் 234வது ஸ்குவாட்ரன். அதன் முழுப்பெயர் ‘234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’. போர் நிதிக்கு மதராஸ் மாகாணத்திலிருந்து போன பணத்துக்காகச் சூட்டிய பெயர். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று விலை வைத்து பேரரசு முழுக்க வசூலித்த காலம் அது. ஆள்பவன் கேட்டுக் கொடுத்ததில் எவ்வளவு மனமுவந்து கொடுத்தது என்ற கேள்வி எனக்கு உண்டு. அதனாலேயே அந்தப் பணம் என்னவானது என்று பார்க்கத் தோன்றுகிறது.

1940 ஆகஸ்டில் 234 மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்தது. ஆஸ்திரேலியரான பேட் ஹியூஸ் அதில்தான் இருந்தார்; செப்டம்பர் 7 அன்று உயிரிழந்தார். அதே ஸ்குவாட்ரனில் பெயர் வாங்கிய பாப் டோ பின்னர் இந்திய விமானப்படையின் 10வது ஸ்குவாட்ரனுக்குத் தலைமையேற்று பர்மாவில் போரிட்டார். மதராஸ் பெயர் தாங்கிய அணியிலிருந்து இந்திய விமானிகளின் தலைவராக வந்த இந்த மனிதரைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரி இருக்கலாம் என்பது என் ஆசை.

அந்த அணியின் விமானங்களில் இருந்த அடையாள எழுத்துகள் ஏ, இசட். மீந்துபோன டிகால் தாள்களில் சாம்பல் நிற எழுத்துகளைப் பொறுக்கினேன். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. சொரசொரப்பான பரப்பில் டிகாலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுக்கும். வெந்நீரில் ஊறிய எழுத்து தாளைவிட்டு வழுக்கும் நேரம் பார்த்துத் தூரிகை நுனியால் தள்ளி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தேன். கடைசியாக மங்கல் வார்னிஷ், புகைக்குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் கரி.

மதராஸ் மாகாணத்தின் பெயர் வேறு இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் இருந்தது: ஹரிக்கேன் ஓட்டிய 79, டிஃபையன்ட் ஓட்டிய 264. இரண்டு விமானங்களையும் ஏர்ஃபிக்ஸ் 1:72இல் வார்த்திருக்கிறது. டிஃபையன்ட்டை இரவுச் சண்டைக்கான கறுப்பில் முடிக்கலாமென்று இருக்கிறேன்; அதற்குச் சுத்தக் கறுப்பு ஆகாது, கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும்.