கட்டையும் கடலும்

சாந்தோம் தேவாலயத்தின் பின்புறத்திலே, கடற்கரைக்கு இறங்கும் படிகளின் அருகே, நெடிய மரக்கட்டை ஒன்று நிற்கிறது. தோமையார் நட்ட கட்டை என்பர். அதைத் தாண்டி வாராதே என்று அவர் கடலுக்கு ஆணையிட்டார் என்பர். அலையும் அடங்கிக் கேட்டுக்கொண்டது என்பர். மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒருநாள் அங்கே சென்றிருந்தோம். கதையைக் கேட்டுவிட்டு, சீனிவாசபுரத்துச் சிறுவன் ஒருவன் நம்மைப் பார்த்துக் கேட்டான்: “சுனாமி வந்தப்போ கட்டைதான் கோயிலைக் காப்பாத்துச்சுன்னு சொல்றாங்களே, ஐயா, அப்போ எங்க ஆயா வீட்டை மட்டும் ஏன் விட்டுடுச்சு?”

‘மூடநம்பிக்கை’ என்ற ஒரே சொல்லில் விடையை முடித்திருக்கலாம். அந்தச் சொல்லை உச்சரித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. ஆனால் சிறுவன் கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வியன்று.

கதை பழையது. ஆற்று முகத்தில் வந்து ஒதுங்கிய பெருமரத்தை அரசனின் ஆட்களாலும் யானைகளாலும் அசைக்க முடியவில்லையாம். தோமையார் தம் இடைக்கயிற்றைக் கட்டி இழுத்து வந்தாராம். 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் இதனை ஏட்டில் எழுதி வைத்தனர். 1523இல் அவர்கள் எழுப்பிய கோயில் போய், இன்றுள்ள கோபுரக் கோயில் 1896இல் எழுந்தது. கோயில்கள் மாறின, கட்டையின் கதை மட்டும் மாறவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள்தான் கிறிஸ்துமஸ். சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக்கு வந்து சேர்ந்தது. அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் குடிசைகள் நொறுங்கின. கோயில் நின்றது. கட்டை காத்தது என்று பேச்சு எழுந்தது; செய்தித்தாள்களிலும் ஏறிற்று. மேட்டிலே நிற்பது கோயில். தாழ்ந்த மணலிலே கிடந்தது குப்பம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை மரக்கட்டையின் கணக்கில் எழுதினர்!

அதே காலை வேளாங்கண்ணியில் என்ன நடந்தது? மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பேராலயம் நின்றது, வணங்க வந்தோர் போயினர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். சாந்தோமில் நடந்தது அருள் என்றால், வேளாங்கண்ணியில் நடந்ததற்கு என்ன பெயர்? இந்தக் கேள்வியைக் கிறித்தவத் தோழர்களைப் புண்படுத்த எழுப்பவில்லை. அங்கே இறந்தவர்கள் அவர்களுடைய உடன்பிறப்புகள், நம்முடைய உடன்பிறப்புகளுங்கூட.

அந்த இரண்டரை மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். சுமத்ராவிலே நிலம் அதிர்ந்தது கருவிகளில் பதிந்தாயிற்று. அலை வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று கரையில் இருந்தவனிடம் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னறிவிப்பு மையம் அமைந்தது 2007இல். கட்டை ஊன்றிப் பன்னூறு ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். மையம் மூன்றாண்டு முன்னே வந்திருந்தால் போதும்.

சென்னையின் கடலை மனிதன் ஒருமுறை நகர்த்தியும் இருக்கிறான். 1875இல் துறைமுகத்துக்குக் கல் போடத் தொடங்கினர். 1881இல் புயல் அதனைக் குலைத்தது, மீண்டும் கட்டினர். தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவு நின்று இராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நாம் எழுப்பிய கால்டுவெல் சிலையும் போப்பு சிலையும் நிற்கும் சாலையிலிருந்து அலை எட்டிப் போயிருப்பது எந்த அருளாலும் அன்று, அந்தக் கற்களால்! இராயபுரத்திலும் தேவாலயம் உண்டு, செபம் உண்டு. கரை கரைந்தது. ஓரிடத்து வரவு இன்னோரிடத்துச் செலவாயிற்று; செலவு மீனவன் பெயரில் எழுதப்பட்டது.

சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது. காலநிலை மாற்றத்தால் வந்ததன்று. இரண்டையும் குழப்புவது அறிவாகாது. ஆனால் இன்று உயரும் கடல் வேறு கடல். நிலக்கரிப் புகையும் எண்ணெய்ப் புகையும் வானில் தேங்கி உலகைச் சூடேற்ற, பனி உருகி, நீரும் சூட்டால் விரிந்து, கடல்மட்டம் ஏறுகிறது. இதற்கு எந்தக் கட்டை?

இந்தக் கேள்வி கிறித்தவ உலகத்துக்குள்ளேயே எழுந்தது என்பதுதான் வரலாற்றின் சுவையான பகுதி. 1967இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ‘சயன்ஸ்’ ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பூமியை அடக்கி ஆளுமாறு மனிதனுக்கு ஆணை தந்த படைப்புக் கதையில்தான் இயற்கையைச் சூறையாடும் மேனாட்டு மனப்பான்மையின் வேர் இருக்கிறது என்றார் அவர். அவரும் கிறித்தவரே. பறவைகளோடு பேசிய அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலுக்குக் காவலராகக் கொள்ளலாம் என்றும் அதே கட்டுரையில் சொன்னார். 1979இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அதனை அறிவிப்பாகவே வெளியிட்டார். குற்றம் சாட்டியவனின் யோசனையைப் பன்னிரண்டு ஆண்டுகளில் குற்றஞ்சாட்டப்பட்ட மடம் ஏற்றது. நம் நாட்டு மடங்களில் இப்படி ஒன்றைக் காட்டுவது கடினம். 2015இல் போப் பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில், ஆளும் உரிமை என்பது சுரண்டும் உரிமையன்று என்று எழுதினார். புகை கக்கும் செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடன்பட்டவை என்றும் எழுதினார். கதீட்ரல் சாலைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையும் சூழலுக்கெனத் தனித் துறை வைத்து, தன் பள்ளிகளில் நீரையும் குப்பையையும் மின்சாரத்தையும் கணக்கெடுக்கச் செய்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு அந்தக் கணக்கு நோட்டின் மீது, மறைக்காமல் சொல்கிறோம், கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மனிதன் பூமிக்கு உடையவன் அல்லன், பொறுப்பாளன் என்பது அவர்கள் வாதம். பழைய தமிழ் பைபிள் அந்தப் பொறுப்பாளனை ‘உக்கிராணக்காரன்’ என்கிறது. பணக்காரன் வீட்டுச் சரக்கறைச் சாவியை வைத்திருப்பவன்! சாவி இவனிடம், சரக்கு எசமானுடையது, என்றோ ஒருநாள் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். மேலே ஓர் எசமான் இருப்பதாக நாம் ஒப்பவில்லை. ஆனால் கணக்குக் கேட்க ஆள் உண்டு: இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகள். அவர்கள் கேட்கும் கணக்குக்கு மன்னிப்புச் செபம் கிடையாது.

ஏட்டில் எழுதுவது எளிது. கரையிலே நின்று சொன்னவர்களும் உண்டு. 1989இல், நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்று முழங்கி, வங்கக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் நடந்து மே முதல் நாளில் குமரிமுனையில் கூடினர். அந்த அணியின் முன்னணியில் தாமஸ் கோச்சேரி என்ற பாதிரியார் நின்றார். கூட்டத்தின் மீது துப்பாக்கி வெடித்தது. 2011இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் உண்ணாநோன்பிருந்தது லூர்து மாதா கோயிலின் முற்றத்திலேதான். வெளிநாட்டுப் பணம் என்றனர். பாதிரிகளின் சூழ்ச்சி என்றனர். ஆயிரக்கணக்கானோர் மீது இராசத்துரோக வழக்குத் தொடுத்தனர். அணுமின்சாரம் பற்றி நம் தோழர்களுக்குள்ளேயே இரு கருத்துண்டு. ஆனால் அந்த முற்றத்தில் அமர்ந்த பெண்கள் மாதாவிடம் கடலை அடக்கு என்று கேட்கவில்லை. அரசாங்கத்திடம் கணக்குக் கேட்டார்கள். தங்கள் உயிருக்குத் தாங்களே பொறுப்பு என்று கோயில் வாசலிலே இருந்துகொண்டு சொன்னார்கள்.

திருச்சபைக்குள் சாதி இருக்கிறது. கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. பெருநிலமும் பெருங்கட்டடமும் உடைய அமைப்பு எளிமையைப் போதிக்கும்போது நாம் புன்னகை செய்வதும் இயல்பே. எனினும் கட்டையை நம்பு என்று சொன்ன நாவே, இப்போது நீ பொறுப்பு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாவு சொல்வதுதான் தொல்லை.

சிறுவனுக்கு மேட்டையும் பள்ளத்தையும் படியிலேயே நிறுத்திக் காட்டினோம். துறைமுகக் கதையையும் சொன்னோம். சீனிவாசபுரத்துக் கரையை இப்போதும் கடல் அரிக்கிறது என்பதை நாம் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன்தான் நமக்குச் சொன்னான். பிறகு ஒரு யோசனையும் சொன்னான்: கட்டையின் பக்கத்திலேயே ஒரு பலகை. 2004இல் தண்ணீர் எதுவரை வந்தது, அபாய அறிவிப்பு வந்தால் எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அதில் எழுத வேண்டுமாம். கோயிலின் பொறுப்பாளர்கள் இடம் கொடுத்தால், வாசகத்தை மாணவரைக் கொண்டே எழுதித் தருகிறோம். சாயத்துக்கான செலவும் நம்முடையது.