தங்கவயலில் பட்டமளிப்பு விழா

பட்டமளிப்பு விழா நம் நாட்டில் தோன்றிய வழக்கன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் பல்கலைக்கழகங்களோடு உடன் வந்தது. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரே. சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் ஆகிய அவ்விருவரும் யாழ்ப்பாணத்தார். பிறந்த மண்ணை விட்டு வாழும் நாம் இதனை நினைத்து மகிழலாம். இருவர்க்குப் பட்டம் வழங்கும் அவையில் இரைச்சல் எழ இடமேது? மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல் தோன்றிற்று. 1918-இல் அதன் முதல் விழாவில் சர் ஆசுதோஷ் முகர்ஜி உரையாற்றினார். பட்டதாரியின் பாட்டியும் தம்பியும் சிற்றன்னையும் திரண்டு வருவது பிற்காலத்து வழக்கம். இன்று பல்கலைக்கழக விழாவில் யாவர்க்கும் நேரே பட்டம் வழங்க இயலாமையால், கல்லூரிகள் தாமே விழா எடுக்கின்றன. குடும்பத்தார் கூடுவது அங்கேதான்.

அண்மையில் கோலார் தங்கவயலில் அத்தகைய விழா ஒன்றில் நாம் அமர்ந்திருந்தோம். எந்தக் கல்லூரி என்பது இங்கு வேண்டா. எங்கும் இதுவே காட்சி. சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கியதும் நம் பின்வரிசையில் கைப்பேசி ஒலித்தது. உரியவர் அதனை எடுத்து நிதானமாகப் பேசவும் செய்தார். பெயர்கள் அழைக்கப்பெற்றபோது பலர் நாற்காலி மீதேறிப் படமெடுத்தனர். ஒரு பெயருக்கு எழுந்த சீழ்க்கை அடங்குமுன் அடுத்த இரு பெயர்கள் அதில் மூழ்கின. தம் பிள்ளை மேடையை விட்டு இறங்கியதும் குடும்பம் முழுவதும் எழுந்து வெளியேறிற்று. இறுதியாக அழைக்கப்பெற்ற பெண் பட்டம் வாங்கியபோது அவையில் பாதி காலி.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நமக்கு அங்கே ஒன்று தோன்றியது. பட்டதாரிகள் தம் நிலைக்குத் தக ஒழுகுவதாக உறுதிமொழி கூறுகின்றனர். அவையோரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. வள்ளுவர் பேசுவோர்க்கு ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என ஈரதிகாரம் வகுத்தார். கேட்போர்க்கு ‘கேள்வி’ என ஓரதிகாரம் உண்டு. அதனை நாம் பள்ளியோடு விட்டுவிட்டோம் போலும்.

ஆயினும் இவ்வூராரைக் கேட்கத் தெரியாதவர் என்று கூற நாம் ஒருப்படோம். 1880-ஆம் ஆண்டிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்றும் வந்தவர் இவர்தம் முன்னோர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. 1926-இல் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இங்கிருந்து மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை நூல்கள் வெளியிட்டது. அவற்றை வாங்கியோரும் வாசிக்கக் கேட்டோரும் சுரங்கத்தில் உழைத்த மக்கள். தொழிலாளர் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-இல் அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

இன்னொன்றும் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே உள்ள வீடுகளும் அதிரும். அப்பொழுது ஷாப்டு வாயிலில் கூடிய சுற்றத்தார், உள்ளே சென்றவர் பெயர் எப்போது வரும் என்று செவியைத் தீட்டிக்கொண்டு நிற்பர். அங்கே தம்மவர் பெயர் கேட்டபின்னும் அடுத்தவருக்காக நின்றவர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் பெயரே இன்று மேடையில் ஒலிக்கிறது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அதன்பின் நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பெருகினர். ஒரு நாள் சம்பளத்தை இழந்து விழாவுக்கு வந்த தந்தை, மகள் மேடையேறும்போது ஆரவாரித்தால் அதனைக் குற்றம் என்போமா? குடும்பத்தில் முதற் பட்டம் அது. அழைப்பிதழில் ‘அமைதி காக்க’ என்று அச்சிட்டு அவர் வாயைக் கட்டுதல் ஆகாது. நாம் வெறுப்பது கைதட்டலையன்று; அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் கேளாமற் போவதையும், கடைசி மாணவி வெற்று நாற்காலிகளைக் காண்பதையுமே.

இதில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. முக்கால் மணி நேரம் வரவேற்புரையும் பொன்னாடையும் நடத்திவிட்டுப் பெயர்களை விரைந்து படித்தால் எவர் பொறுப்பர்? பத்துப் பெயர் அழைத்து ஒருமுறை கைதட்ட இடைவெளி விடலாம். விழா முடிந்தபின் குடும்பத்தார் பட்டதாரியோடு மேடையேறிப் படமெடுக்க அரைமணி ஒதுக்கலாம். அந்தப் படம் கிடைக்குமென்று முன்கூட்டியே அறிவித்தால் நாற்காலிமீது ஏறவும் வேண்டா, இடையில் எழுந்து போகவும் வேண்டா.