வயிற்றினுள் மறைந்த கட்டிகள்

மனித உடலின் உறுப்புகளுள் வைத்தியரை நெடுங்காலம் ஏமாற்றி வந்தது வயிறேயாகும். தோலின் மேல் எழும் கட்டியைக் கண் காணும். வயிற்றினுள் வளரும் நீர்க்கட்டியோ சிலபோது கருவைப் போலவும், சிலபோது மகோதரத்தைப் போலவும் தோற்றங் காட்டும். அதனை இனங்கண்டாலும் பயனில்லை. வயிற்றைக் கீறினால் மரணம் நிச்சயம் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றோர் கொண்டிருந்த முடிவு.

அம்முடிவை அசைத்த நிகழ்ச்சி, புகழ்பெற்ற பெருநகர் எதிலும் நிகழவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே டான்வில் என்னும் சிற்றூரில் எப்ராயிம் மக்டவல் என்ற வைத்தியர் வாழ்ந்தார். அவர் எடின்பரோவிலே ஜோன் பெல் என்பாரின் விரிவுரைகளைக் கேட்டவர். 1809 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஏறத்தாழ 60 மைல் தொலைவிலிருந்த ஒரு வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஜேன் குரோபோர்ட் என்னும் மாது, பிரசவ காலம் கடந்தும் குழந்தை பிறக்காமல் வருந்துகின்றாள் என்பது செய்தி.

மக்டவல் சென்று கைகளாற் பரிசோதித்தார். கருப்பை வெறுமையாயிருந்தது. வயிற்றை நிரப்பி நின்றது சூலகத்தில் வளர்ந்த கட்டி என்பதை உணர்ந்தார். அதனை அவர் மறைக்கவில்லை. இத்தகைய சத்திரசிகிச்சை ஒரு பரீட்சையே என்பதையும் அம்மாதிடம் ஒளியாமற் கூறினார். அவள் இணங்கினாள். குளிர்காலத்திலே குதிரைமேல் ஏறி, கட்டியைச் சேணத்தின் முனையில் தாங்கியவளாய் டான்வில்லை அடைந்தாள்.

நத்தார் தினத்தன்று நிகழ்ந்ததாகக் கூறப்படும் அச்சிகிச்சை ஏறக்குறைய 25 நிமிடங்களில் முடிந்தது. மயக்கமருந்து அக்காலத்தில் இல்லை. ஈதரின் பயன் பொஸ்டன் நகரிலே உலகறியக் காட்டப்பட்டது 1846 ஆம் ஆண்டிலேயே. வயிறு திறந்ததும் குடல்கள் மேசைமேற் சரிந்தன. மக்டவல் சூலகக் குழாயைக் கட்டியபின், கட்டியைத் திறந்து 15 இறாத்தல் கூழ்போன்ற பொருளை வெளியேற்றினார். பின்னர் எடுத்த பையின் நிறை 7½ இறாத்தல். ஐந்தாம் நாள் அவர் வந்து பார்த்தபோது, நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சீர்செய்துகொண்டிருந்தாள்! 25 நாட்களில் வீடு திரும்பிய அவள் 1842 ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தாள்.

மக்டவல் இதனை 1817 ஆம் ஆண்டிலேயே பிரசுரித்தார். ஒன்றன்று, மூன்று நிகழ்வுகளை அவர் விவரித்தார். இலண்டன் சஞ்சிகையொன்றின் ஆசிரியர் முதலில் நம்ப மறுத்து, பின்னர் மன்னிப்புக் கோரினார். அம்மூவருள் ஏனைய இருவரும் அடிமைத்தளையில் இருந்த கறுப்பினப் பெண்கள். குரோபோர்ட்டின் பெயர் வரலாற்றில் நின்றது. அவ்விருவரின் பெயர்களும் அவ்வறிக்கையில் இடம்பெறவில்லை. இணங்கவும் மறுக்கவும் உரிமையற்றோரின் உடல்மீதும் இக்கலை வளர்ந்தது என்பதை வரலாறு எழுதுவோர் மறைத்தல் தகாது.

சூலகக் கட்டிகளினும் அரியவை, குடல்களை முதுகுப்புறத்தோடு பிணைக்கும் மென்மடிப்பிலே தோன்றும் நீர்க்கட்டிகள். புளோரன்ஸ் நகர வைத்தியர் பெனிவியேனியின் நூல் 1507 ஆம் ஆண்டு வெளிவந்தது. சவப்பரிசோதனையிற் காணப்பட்ட அத்தகைய கட்டியொன்று அதிற் கூறப்பட்டுள்ளது. அதனை உயிருள்ளோரின் உடலிலிருந்து வெற்றியுடன் அகற்றியவர் பிரான்சு தேசத்துத் தியோ என்பார், ஆண்டு 1880. கண்டறிதலுக்கும் குணப்படுத்தலுக்கும் இடையே கழிந்த காலம் 373 ஆண்டுகள். மயக்கமருந்தும், 1867 ஆம் ஆண்டில் லிஸ்ரர் வெளியிட்ட கிருமியழிப்பு முறையும் சேர்ந்தே அவ்விடைவெளியைக் கடப்பதற்கு வழி செய்தன.

எனினும் கண்ணுக்குப் புலப்படாமை என்னும் பழைய இடர் நீடித்தது. கிளாஸ்கோவில் பேராசிரியர் இயன் டொனால்ட், இரும்பிலுள்ள வெடிப்புகளைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு கட்டிகளை ஆராய்ந்தார். இரைப்பைப் புற்றுநோயால் மரிக்கப்போகிறாள் எனக் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் வயிற்றிலே ஒலியலைகளைச் செலுத்தினார். தெரிந்தது புற்றுநோயன்று, பெரியதொரு நீர்க்கட்டி. அது அகற்றப்பட்டது, அவள் பிழைத்தாள். 1958 ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது.

இன்று ஒலியலைப் படமும் கணினிக் கதிர்ப்படமும் வைத்தியருக்குத் துணை நிற்கின்றன. சிறு துளைகளின் வழியாகவே பல கட்டிகளை அகற்ற முடிகிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பிறர் கூறிய முடிவை ஏற்றுக்கொள்ளாது தாமே பரிசோதித்தலும், கண்டதை நோயாளியிடம் உண்மையாய் உரைத்தலும் டான்வில் வைத்தியர் செய்தவை. கருவிகள் பெருகிய காலத்திலும் இவ்விரண்டுக்கும் ஈடாக வேறொன்று அமையவில்லை.