மடிப்பு மேசையும் ஈய முத்திரையும்: வான்குடைக் கருவிகளின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தொழினுட்பத்தின் விமரிசனபூர்வமான வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று, 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியின் அடிக்குறிப்பொன்றிலே மார்க்ஸ் குறிப்பிட்டார். அதன் பின்னர் எழுதப்பட்டவை பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவுமே அமைந்தன. பொருள்களைப் பேணுவோர், பழுதுபார்ப்போர், மடித்து வைப்போர் ஆகியோரின் கருவிகள் வரலாற்றாசிரியரின் கண்ணிற் படுவது அரிது. வான்குடை எனவும் பரசூட் எனவும் நாம் வழங்கும் பொருள் இதற்கு நல்ல சான்றாகும். 1919 ஏப்ரல் 28ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மக்குக் வான்தளத்திலே லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, தம் கையாலேயே இழுகயிற்றை இழுத்து வான்குடையை விரித்த செய்தி பல நூல்களிலும் உண்டு. அக்குடையை மீண்டும் மடித்து உறையிலிட எவை தேவைப்பட்டன என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

முதலில் வேண்டப்படுவது மேசை. இன்றைய அமெரிக்க வான்போக்குவரத்து விதிகள் குறைந்தது 3 அடி அகலமும் 40 அடி நீளமுங் கொண்ட வழுவழுப்பான மேசையை விதிக்கின்றன. இந்நீளம் தற்செயலானதன்று, குடையின் உச்சி முதல் தொங்குகயிறுகளின் அடி வரை முழுவதையும் இழுத்து நீட்டினாலன்றி, கயிறுகள் ஒன்றோடொன்று பின்னியுள்ளனவா என்பதைக் காண இயலாது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியத் துருப்பினர் பயன்படுத்திய குடை 28 அடி விட்டமும் 28 கயிறுகளும் உடையது. அக்கயிறுகளை ஒழுங்குபடப் பிரித்து நிறுத்துவதற்குக் கவைபோன்ற ஒரு பிரிப்பான் உண்டு. மடித்த துணி காற்றிற் புரளாதிருக்க, ஈயக் குண்டுகள் நிரப்பித் தைத்த நீண்ட துணிப்பைகள் மேலே வைக்கப்படும். கயிற்றைக் கண்ணிகளுள் இழுப்பதற்கு ஒரு கொக்கி; துணியை உறைக்குள் திணிப்பதற்கு மெல்லிய தட்டையான ஒரு துடுப்பு; உறையை மூடும்வரை தற்காலிகமாகச் செருகி வைப்பதற்குச் சில ஊசிகள். இவற்றுட் பல, தையற்காரரும் பாய்மரத் தொழிலாளரும் நெடுங்காலம் கையாண்ட எளிய கருவிகளுக்கு உறவானவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மடிப்பாளர் வேலை தொடங்குமுன் கருவிகளை எண்ணுவார், முடிந்ததும் மீண்டும் எண்ணுவார். உறையினுள்ளே மறதியாக விடப்பட்ட ஓர் ஊசி, குடை விரியாதிருக்கப் போதுமானது. உயிர்காக்கும் கருவியே உயிர்கொல்லியாகும் இந்நிலைமை வேறெத் தொழிலில் இத்துணைத் துலக்கமாகக் காணப்படும்? சத்திர வைத்தியர் நினைவுக்கு வருகிறார். ஆனால் அவருக்குக் கிடைத்த சமூக மதிப்பு மடிப்பாளருக்குக் கிடைத்ததில்லை.

பழுதுபார்க்குங் கருவிகளின் வரலாறு இழையின் வரலாற்றோடு பிணைந்தது. பட்டுத்துணி வியர்வையாலும் பூஞ்சணத்தாலும் கெடுவது. எனவே குடைகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் உயர்ந்த கூடங்கள் எழுந்தன. கிழிசலைக் கத்தரித்து, துணியின் இழையோட்டத்திற்கு இசைய ஒட்டு வெட்டி, இரட்டையூசித் தையல் இயந்திரத்தாற் பொருத்துவர். தோள்வார்களுக்குக் கனத்த இயந்திரம் வேறு. அமெரிக்கா இறக்குமதி செய்த பட்டின் பெரும்பகுதி யப்பானிலிருந்து வந்தது. அங்கே அதனை நூற்றோர் பெரும்பாலும் வறிய உழவர் குடும்பங்களின் பெண்கள். 1941 யூலையில் யப்பானின் சொத்துகள் அமெரிக்காவில் முடக்கப்பட்டதோடு அவ்வழி அடைபட்டது. 1938இல் அறிவிக்கப்பட்டு 1940இல் காலுறைகளாகக் கடைக்கு வந்த நைலோன் போர்ச்சரக்காயிற்று. புதிய இழையுடன் புதிய கருவியும் வந்தது: வெட்டிய விளிம்பை உருக்கி ஒட்டும் சூட்டுக்கத்தி. பட்டுக்கயிற்றின் நுனிக்கு மெழுகு. நைலோன் கயிற்றின் நுனிக்குச் சூடு. நைலோன் பூஞ்சணத்திற்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். பழைய வேறுபாடு சட்டத்தில் இன்றும் வாழ்கிறது. அமெரிக்க விதிகளின்படி இயற்கையிழைக் குடையை 60 நாளுக்கொருமுறையும், செயற்கையிழைக் குடையை 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 180 நாளுக்கொருமுறையும் மடித்தல் வேண்டும்.

1942 யூன் 6ஆந் திகதி, கனெற்றிகற் மாநிலத்தில், நைலோன் குடையுடன் முதன்முதலாகக் குதித்த மனிதர் அடலின் கிறே என்ற பெண். அவர் அக்குடைகளைச் செய்த பயனியர் கொம்பனியின் மடிப்பாளர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மடிப்பாளர் தாம் மடித்த குடையிற் குதிக்கத் தயாராயிருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய மரபு. உற்பத்தியாளரும் உற்பத்திப் பொருளும் ஒன்றுக்கொன்று அந்நியப்படுவதே முதலாளித்துவ உழைப்பின் இயல்பு என்று நாம் கொள்கிறோம். இங்கே அவ்வந்நியமாதல் ஒருவகையில் தடைப்பட்டிருக்கிறது எனத் தோன்றலாம். ஆயினும் அவசரப்படலாகாது.

ஏனெனில், மேசையின் இறுதியில் இன்னொரு கருவி இருக்கிறது: முத்திரைக் குறடு. உறையின் ஊசிக்குக் குறுக்கே நூல் கட்டி, அதன்மீது சிறிய ஈயத்துண்டை நெரித்து, மடிப்பாளர் தமக்குரிய அடையாளத்தைப் பொறிப்பார். திகதியும் இடமும் பெயரும் உரிமஇலக்கமும் ஒப்பமும் பதிவட்டையில் ஏறும். குடையைச் சிறிதேனும் மடிக்காத துணி முதலாளியின் பெயர் அதில் இல்லை. பெருந்தொகையாக உற்பத்தியாகும் ஒரு பண்டத்தில் தொழிலாளியின் பெயர் மீண்டும் தோன்றுவது அவர் புகழுக்காக அன்று. விபத்து நேர்ந்தால் வினவுவதற்காகவே. உரிமை கூட்டுக்குரியதாயிருக்க, பொறுப்பு மாத்திரம் தனியாளுக்குரியதாகிறது.

போர்க்கால இங்கிலாந்தின் நிலைமை இதனை மேலும் தெளிவாக்கும். மன்செஸ்ரருக்கு அருகிலுள்ள றிங்வே பயிற்சித் தளத்திலே குடைகளை மடித்தோர் மகளிர் துணை விமானப்படையினர். அப்படையின் பெண்களுக்கு ஒத்த தரத்து ஆண்களின் ஊதியத்தில் மூன்றிலிரண்டு பங்கே வழங்கப்பட்டது. பெண்ணின் விரல்கள் நுண்வேலைக்கு ஏற்றவை என்ற பாராட்டு, அவ்வூதியக் குறைப்புடன் அருகருகே வாழ்ந்தது. பதிவட்டையில் இட்ட ஒப்பத்திற்கு மூன்றிலிரண்டு பங்குப் பொறுப்பு என்று எந்த விதியும் கூறவில்லை.

எமது பிராந்தியத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பர்மியப் போர்முனையிலே பதினான்காம் படைக்கு ஆகாயவழியே உணவும் வெடிபொருளும் இறக்கவேண்டியிருந்தபோது குடைகள் போதவில்லை. தளபதி வில்லியம் ஸ்லிம் கல்கத்தாச் சணற் கைத்தொழிலின் தலைவர்களை நாடினார். ஏறக்குறைய ஒரு மாதத்துள், கயிறுங்கூடச் சணலாலான 'பரயூட்' உருவாயிற்று. வழமையான குடையின் விலை 20 பவுணுக்கு மேல் இருக்க, இதன் விலை ஒரு பவுணளவே என ஸ்லிம் 1956இல் வெளியிட்ட நினைவு நூலிற் கணக்கிடுகிறார். செயற்றிறனோ நூற்றுக்கு 85. பொருள்களை மாத்திரம் தாங்குவதற்கு அது போதுமாயிருந்தது. உரிய வழிகளினூடாகக் கொள்வனவு செய்யாமைக்காக மேலிடத்திலிருந்து தமக்குக் கிடைத்த கண்டனத்தையும் அவர் நகைச்சுவையோடு பதிவுசெய்கிறார். 1943இல் வங்காளம் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோரை இழந்த பின்னணியிலே ஊக்ளிக் கரை ஆலைகளில் அச்சணலை நெய்தும் வெட்டியும் தைத்தும் கொடுத்தோர் எவரின் பெயரும் அந்நூலில் இல்லை. அவர்களிடம் முத்திரைக் குறடும் இருக்கவில்லை.