நகோன் சி தம்மராட்டில் ஒரு பகல்

தாய்லாந்தின் தென்பகுதியில், கீழைக் கடலோரம் உள்ள நகோன் சி தம்மராட் நகரில் ஒரு பகற்பொழுதே தங்க வாய்ப்பவர் எதனைக் காண்பது, எதனை விடுவது? வழிகாட்டிகள் முதலில் மகாதாது விகாரையின் பொன்முடி தரித்த தூபிக்கே அழைத்துச் செல்வர். காணத்தக்கதே. சிவனுக்கும் திருமாலுக்கும் சிறு கோயில்களும் அந்நகரில் உண்டு.

நிற்க. நேயர்கள் அங்குள்ள தேசியப் பொருட்காட்சிசாலையைத் தவறவிடலாகாது என்பேன். அங்கே சிதைந்த கல்லொன்று இருக்கிறது. அதில் பொறித்திருப்பது தமிழ்! மேலைக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரும் சேனாமுகத்தாரும் அதற்குக் காவல் என்பதையும் கூறுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயராதலின், குளம் அவன் பெயரால் அமைந்தது என்பர் அறிஞர்.

1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை இக்கரைகளைத் தாக்கியதைப் பாடப்புத்தகங்கள் கூறுகின்றன. அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்திய இக்குளத்தை யார் நினைக்கிறார்கள்? அயலூரில் குடியேறியவன் முதலில் தேடுவது தண்ணீர். தில்லியில் வீடு மாறிய நம்மவர் இதனை நன்கறிவர்.

கல்வெட்டுடன் அவ்விடத்திலிருந்த திருமால் சிலை, இப்போது புக்கெட் தீவின் தலாங் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.