ஒரு தாளும் பத்து விரலும்: டோக்கியோவின் ஒரிகாமி இல்லம்

மழை வெள்ளம் முற்றத்தில் நின்றால், கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துக் கப்பல் விடுவது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வழமை. பொருளாதாரத் தடை இருந்த 1990களின் முற்பகுதியில் அந்த நடுத்தாளும் இலேசில் கிடைக்கவில்லை. நாளிதழ்களே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. இரண்டு பக்கமும் எழுதி முடிந்த தாளில்தான் எங்கள் கப்பல்கள் மிதந்தன.

தாளை மடித்து உருவம் செய்யும் இந்தக் கலையை ஜப்பானியர் ஒரிகாமி என்பர். ‘ஓரி’ என்றால் மடித்தல், ‘கமி’ என்றால் கடதாசி. இந்தக் கலைக்கென்றே டோக்கியோவில் தனியார் நடத்தும் சிறிய காட்சியகம் ஒன்று உண்டு.

சாயக்கடையில் பிறந்த காட்சியகம்

டோக்கியோவின் ஒச்சனொமிசு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், யுஷிமா பகுதியில் இருக்கிறது ‘ஒரிகாமி கைக்கான்’. தமிழில் ‘ஒரிகாமி இல்லம்’ எனலாம். 1858இல் கொபாயாஷி குடும்பத்தார் தொடங்கிய, கடதாசிக்குச் சாயமிடும் தொழிலகமே இதன் மூலம்.

காட்சிக்கூடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மடித்துச் செய்த பூக்கள், பறவைகள், பொம்மைகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. கடையில் பல நிறத் தாள்கள் விற்கப்படுகின்றன. மேல்மாடிப் பட்டறையில் கையால் தாளுக்குச் சாயம் தீட்டுவதைப் பார்க்கலாம். மடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளும் அதே கட்டடத்தில் நடக்கின்றன.

கடதாசி நனைந்தால் ஊறும், வெயிலில் வெளிறும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் நூறு வருடம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் அதே கொக்கை நாளைக்குப் புதிதாகச் செய்துவிடலாம். காட்சிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பறையும் இருப்பது அதனால்தான் பொருத்தமாகிறது.

கை அறிந்ததைத் தாளில் எழுதியவர்கள்

பொழுதுபோக்கு ஒரிகாமி பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் 1797இல் ஜப்பானில் வெளியானது. ஒரே தாளிலிருந்து ஒன்றோடொன்று இணைந்த பல கொக்குகளைச் செய்யும் வழிகள் அதில் உள்ளன. 20ஆம் நூற்றாண்டில் அகிரா யொஷிசாவா (1911–2005), புள்ளிக்கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட வரைபட முறையை உருவாக்கினார். 1954இல் வெளியான அவரது நூலுக்குப் பின் அந்த முறை உலகெங்கும் பரவியது. இன்று ஜப்பானிய மொழி தெரியாத பிள்ளையும் அந்தக் குறிகளைப் பார்த்து மடிக்க முடியும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜேர்மனியரான ஃபிறோபெல் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பாலர் கல்வி முறையில் தாள் மடித்தலும் ஒரு பாடம். அதிலிருந்து தூண்டுதல் பெற்ற டி. சுந்தர ராவ், தாளை மடித்தே கேத்திர கணிதம் கற்பிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜேர்மன் கணிதவியலாளர் ஃபீலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுதினார். 1901இல் அது சிக்காகோவிலும் பதிப்பிக்கப்பட்டது. எங்கள் முன்பள்ளிகளில் பிள்ளைகள் வண்ணத்தாள் மடிப்பதும் ஃபிறோபெல் காட்டிய வழியில் வந்ததே.

மருந்துத் தாளில் மடித்த கொக்கு

ஒரிகாமியை உலகம் அறியச் செய்தவர்களில் ஒரு சிறுமியும் இருக்கிறாள். 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. குண்டு வெடித்த மையத்திலிருந்து ஏறக்குறைய 1.6 கிலோமீற்றரில் அவளது வீடு இருந்தது. வெளிக்காயம் இல்லாமல் தப்பி வளர்ந்த அவள், 1955 பெப்ரவரியில் இரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள்.

ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கிட்டும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. தாள் கிடைக்காதபோது மருந்து சுற்றி வந்த தாளிலும் அவள் மடித்தாள். 644 கொக்குகளுடன் அவள் இறந்தாள் என்ற கதை, 1977இல் வெளிவந்த அமெரிக்கச் சிறுவர் நூலால் பரவியது. உண்மையில் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்கிறார் அவளது அண்ணன். 1955 ஒக்ரோபர் 25ஆம் திகதி, 12 வயதில் அவள் இறந்தாள்.

அவளுடன் படித்தவர்கள் நிதி சேர்க்கத் தொடங்கினார்கள். 3,100க்கு மேற்பட்ட ஜப்பானியப் பாடசாலைகளும் வேறு ஒன்பது நாடுகளும் உதவின. 1958 மே 5ஆம் திகதி சிறுவர் அமைதி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி கடதாசிக் கொக்குகள் அங்கே வந்து சேர்கின்றன. குடும்பத்திடம் எஞ்சியிருந்த கொக்குகளில் ஒன்று, 2013 முதல் அமெரிக்காவின் பேர்ள் துறைமுக நினைவிடத்தில் இருக்கிறது. ஜப்பான் குண்டு வீசிய இடத்துக்கு, குண்டில் பாதிக்கப்பட்ட குடும்பம் கொடுத்த கொக்கு அது.

எங்கள் மடிப்பு

யாழ்ப்பாணத்துக்கும் சொந்தமாக ஒரு மடிப்புக் கலை உண்டு. அது ஓலையில் இருக்கிறது. கூழ் குடிக்கப் பனையோலையை மடித்துக் கட்டும் பிளா, சாப்பாடு போடும் தட்டுவம், பிள்ளைகளுக்கு விளையாட ஓலைக் கிளி, காற்றாடி. ஓலையை இழைத்தால் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி.

போரில் பனைகள் செல்விழுந்து தலை முறிந்தன, பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாயின. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஓலைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஓலை மடிக்கும் கை மட்டும் அவர்களோடு போனது. அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது.

ஓலையும் தாளைப் போலக் காயும், உக்கும். பழைய பிளாவை நூதனசாலையில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அதை மடிக்கத் தெரிந்த ஒரு அம்மம்மா இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். ஒரிகாமி இல்லம் செய்வதுபோல, வாசிகசாலை மண்டபத்தில் ஒரு மேசை, பச்சை ஓலை, அவரைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். மடிப்பை ஒவ்வொரு படியாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவைத்தால், யொஷிசாவாவின் அம்புக்குறிகள் செய்த வேலையை அது செய்யும்.

அடுத்த ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சும்போது, பிளாஸ்ரிக் கோப்பையை ஒருபுறம் வைத்துவிட்டு, பிளா எப்படி மடிப்பது என்று வீட்டில் மூத்தவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.