கன்னோட கூட வந்த நோய்

பட்டணத்துல இருக்குற நீங்க வாழையைச் சீப்புக் கணக்குல பார்க்குறீங்க. நாங்க கட்டைக் கணக்குல பார்க்குறோம். நாம சாப்பிடுற வாழைக்கு விதை கிடையாது. தாய்மரத்துப் பக்கத்துல முளைக்கிற கன்னைக் கிழங்கோட தோண்டி எடுத்து வேற இடத்துல வைக்கிறோம். தாய்கிட்ட இருக்குற நல்லதும் கன்னுக்கு வரும், கெட்டதும் வரும். அப்படிக் கன்னோட கூடவே கடல் தாண்டி வந்த ஒரு நோயோட வரலாறுதான் இது.

வேளாண்மைத் துறைக்காரங்க இதை முடிக்கொத்து நோய்னு சொல்வாங்க. வர்ற ஒவ்வொரு இலையும் முந்தின இலையைவிடக் குட்டையா, குறுகலா, விறைப்பா நிமிர்ந்து நிற்கும். விரிய முடியாம உச்சியில கொத்தா நெருக்கிக்கிட்டிருக்கும். மடக்கினா பட்டுனு ஒடியும். சின்னதுல பிடிச்ச மரம் குலை தள்ளாது. தள்ளினாலும் குலை தொண்டையிலேயே சிக்கிக்கும், காய் விரல்கூடத் தேறாது.

இந்த நோய் முதல்முதலா 1889-ல் பிஜித் தீவுல பதிவாச்சு. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வாழைப்பழம் கப்பல் கப்பலா போய்க்கிட்டிருந்த காலம். 1901-ல் எகிப்து, 1913-ல் இலங்கை, அதே வருஷம் ஆஸ்திரேலியா. பிஜியில இருந்து கொண்டுபோன கன்னுகளோடதான் ஆஸ்திரேலியாவுக்குள்ள நுழைஞ்சது. பத்து வருஷம் பெருசா ஒண்ணும் தெரியல. 1922-லிருந்து 1925-க்குள்ள குவீன்ஸ்லாந்தின் தெற்கும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கும் சேர்ந்த வாழைப் பகுதியில விளைச்சல் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல விழுந்துபோச்சு. தோட்டத்தை அப்படியே போட்டுட்டுப் போனவங்க நிறைய.

அதுவரைக்கும் காரணத்தை மண்ணுலதான் தேடினாங்க. மண்ணுல சத்து போச்சு, வேருல புழு, வேருல பூஞ்சாணம்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. 1924-ல் அரசாங்கங்கள் சேர்ந்து ஒரு ஆய்வுக்குழு போட்டுச்சு. அதுல வேலை பார்த்த சார்லஸ் மேகீங்கிற இளைஞர் நோய்மரத்துல இருந்த அசுவினியைப் பிடிச்சு நல்ல கன்னுல விட்டுப் பார்த்தார். கன்னு கொத்தாச்சு. அசுவினி ஏறாத கன்னு நல்லாவே வளர்ந்தது. 1927-ல் வெளிவந்த அவரோட அறிக்கை ரெண்டு விஷயத்தை உறுதி பண்ணுச்சு. இது வைரஸ் நோய். இது பரவ ரெண்டே வழிதான்: ஒண்ணு நோய்க்கன்னு, இன்னொண்ணு வாழை அசுவினி. மண் வழியாவும் பரவாது, வெட்டுற அரிவாள் வழியாவும் பரவாது.

அந்த வைரஸை மேகீ கண்ணால பார்த்ததே இல்ல. அதோட துகளை மின்னணு நுண்ணோக்கியில தனியா எடுத்துப் பார்த்ததே 1990-களின் தொடக்கத்துலதான். அதுக்கு அறுபது வருஷத்துக்கு முன்னாடியே இலையைப் பார்த்தே நோயை அடையாளம் சொல்ல முடிஞ்சது. அந்த அடையாளம் இன்னைக்கும் அதுவேதான். சந்தேகப்படுற இலையைச் சூரியனுக்கு நேரா தூக்கி, அடிப்பக்கத்துல இருந்து பாருங்க. நடுத்தண்டுலயும் காம்புலயும் கரும்பச்சையில புள்ளியும் கோடுமா, தந்தி ஆபீஸ்ல அடிக்கிற மோர்ஸ் குறி மாதிரி ஓடும். பக்க நரம்பு நடுத்தண்டுல சேர்ற இடத்துல சின்ன கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். மரம் கொத்தாகுறதுக்கு முன்னாடியே இது தெரியும்.

குட்டையா நிற்கிற வாழை எல்லாம் முடிக்கொத்து ஆகாது. தண்ணி தேங்கினாலும் களைக்கொல்லி பட்டாலும் இலை கோணும். ஆனா அதுல புள்ளிக்கோடு இருக்காது. இலையில மஞ்சள் பட்டை ஓடினா அது தேமல். வெள்ளரித் தேமல் வைரஸால வர்றது. வாழைக்குள்ள பூசணி, வெள்ளரி ஊடுபயிர் போடாதீங்கன்னு சொல்றது அதுக்காகத்தான். தண்டுல சிவப்புக் கீற்று விழுந்து, இலை விசிறி மாதிரி ரெண்டு பக்கமா அடுக்கினா அது வேற வைரஸ். கேரளாவுல நேந்திரன்ல 1966-லேயே அதைக் கொக்கான்னு பேர் வச்சு எழுதிட்டாங்க. 1979-ல் பிலிப்பைன்ஸ்ல பூமடலைத் தாக்குற ஒரு நோயைக் கண்டாங்க. ரெண்டுக்கும் வைரஸ் ஒண்ணுதான்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

ஆஸ்திரேலியாவுல மேகீ சொன்னதைச் சட்டமாக்கினாங்க. தோட்டக்காரர் கொல்லையைச் சுத்திப் பார்த்து, நோய் இருந்தா தெரிவிக்கணும். நோய்மரத்தைக் கிழங்கோட அழிக்கணும். நினைச்ச இடத்துல இருந்து கன்னு கொண்டுவரக் கூடாது. ஆய்வாளர் வந்து பார்ப்பார். 1930-களுக்குள்ள வாழை அங்க திரும்ப எழுந்துடுச்சு. மருந்தால எழல. மருந்து அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல.

இலங்கையில நின்ன நோய் 1940 வாக்குல கேரளாவுக்கு, கோட்டயம் பக்கம் வந்து சேர்ந்தது. மேகீயோட அறிக்கை வந்து அப்ப 13 வருஷம் ஆச்சு. என்ன நோய், எப்படிப் பரவும், என்ன செய்யணும்னு எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் நம்ம நாட்டுக்குள்ள வந்திருக்கு. 1959-ல் தமிழ்நாடு, கேரளா, ஒரிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம்ல இருந்து வாழைக்கன்னு வெளியே போகக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. மாநில எல்லையில கன்னு நின்னிருக்கலாம். ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்குப் போற கன்னை அந்த உத்தரவு தொடல.

அதுக்கு விலை கொடுத்தது பழனி கீழ்மலை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சி அந்த மலையிலதான் விளையும். 1970-களில் மலைவாழை சுமார் 18,000 ஹெக்டேர் இருந்ததாச் சொல்றாங்க, அதாவது 44,000 ஏக்கருக்கு மேல. முடிக்கொத்து புகுந்த பிறகு அது 2,000 ஹெக்டேருக்கு இறங்கிடுச்சு. நாம சமவெளியில ரெண்டு மூணு தார் வெட்டிட்டுக் கட்டையைப் பேர்த்துடுவோம். மலையில காப்பித் தோட்டத்துக்குள்ள நிழலுக்காக வச்ச வாழை வருஷக்கணக்கா அதே குத்துல கிடக்கும். ஒரு குத்துல நோய் ஏறினா அது அசுவினிக்கு நிரந்தர வீடு. பக்கத்துத் தோட்டக்காரர் எத்தனை தடவை நல்ல கன்னு வச்சாலும் நிற்காது. இன்னைக்கு விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைச்சது.

மீட்கவும் முயற்சி நடந்தது. 1993-ல் திருச்சியில தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வந்தது. அங்கயும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயும் மலைவாழையைச் சோதிச்சு, வைரஸ் இல்லாத தாயில இருந்து திசு வளர்ப்புக் கன்னு உண்டாக்கினாங்க. இப்ப இலையில வைரஸ் இருக்கா இல்லையான்னு ஆய்வகத்துல சொல்லிடலாம். 2006-லிருந்து திசு வளர்ப்புக் கன்னுக்கு தேசியச் சான்றிதழ் முறையும் இருக்கு. ஒண்ணு மட்டும் மறந்துடக் கூடாது. திசு வளர்ப்புக் கன்னு நோயில்லாமதான் வரும், ஆனா நோயை எதிர்க்காது. பக்கத்துக் கொல்லையில நோய்க்குத்து நின்னா அதுக்கும் வரும்.

எங்க பக்கம், ஆலங்குடி தாண்டி வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம்னு போற வழியெல்லாம் வாழையும் தென்னையும் பலாவும்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அத்தனையையும் சாய்ச்சுது. தென்னை காய்க்க வருஷங்கள் ஆகும், வாழை பத்துப் பன்னிரண்டு மாசத்துல காசு கொடுக்கும். அதனால எல்லாரும் வாழை நட்டாங்க. உள்ளூர்க் கட்டை போதல. எந்த ஊர்க் கட்டைன்னு கேட்க யாருக்கும் நேரம் இல்ல, லாரியில வந்ததை இறக்கி நட்டாங்க.

பக்கத்துக் கொல்லை என் பெரியப்பா கொல்லை. போன வருஷம் அங்க ஏழெட்டுக் குத்துல பக்கக்கன்னு கொத்தா நின்னுச்சு. தாய்மரத்துல தார் இருக்கு, வெட்ட இன்னும் ரெண்டு மாசம். "கன்னுக்குத்தானப்பா நோவு, தாரு நல்லாத்தானே இருக்கு. வெட்டிட்டுப் புடுங்கிக்கிறேன்"னு சொன்னார். குத்தகைப் பணம் கட்ட வேண்டியவர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா கன்னுல தெரிஞ்சா நோய் குத்து முழுக்க இருக்குன்னு அர்த்தம். அந்த ரெண்டு மாசத்துல அசுவினி என் கொல்லைக்கும் வரும், அடுத்தவர் கொல்லைக்கும் போகும். கடைசியில பக்கத்துல இருக்குற நாலு பேரு சேர்ந்து அந்தத் தாருக்கு உண்டான காசைக் கொடுத்தோம். முதல்ல அசுவினிக்கு மருந்து அடிச்சு, அப்புறம் கிழங்கோட தோண்டி அழிச்சோம். மருந்து அடிக்காம வெட்டினா பூச்சி பறந்து அடுத்த மரத்துக்குப் போயிடும். சட்டமும் ஆய்வாளரும் ஆஸ்திரேலியாவுல செஞ்ச வேலையை இங்க நாலு பேரு காசு போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. எல்லா ஊர்லயும் அப்படி நாலு பேரு சேர மாட்டாங்க.

உங்களுக்கும் இதுல வேலை இருக்கு. இந்த வைரஸ் மனுசனை ஒண்ணும் செய்யாது, பழத்தைத் தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஊருக்கு வந்துட்டுத் திரும்புறப்ப கார் டிக்கியில ஒரு வாழைக்கன்னு எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேரு. வெளியூர்ல பார்த்த புது ரகத்தை ஆசையா அப்பா கொல்லைக்குக் கொண்டுவந்து நடுறவங்களும் இருக்காங்க. பிஜியில இருந்து நோய் கிளம்பினதும் அப்படித்தான். எடுக்குறதுக்கு முன்னாடி தாய்மர இலையைச் சூரியனுக்கு நேரா பிடிச்சு ஒரு தடவை பாருங்க. புள்ளிக்கோடு இருந்தா கன்னைத் தொடாதீங்க. கொல்லைக்காரரைக் கூப்பிட்டு அந்த இலையைக் காட்டிட்டு வாங்க.